பதினோராம் பக்கத்துச் சிலர்

எங்கள் அலுவலகத்தில் கோபத்துக்கு இடம் கிடையாது. 'மோசமான' என்று எழுதினால் அடித்துவிடுவார்கள். 'கணிசமான' என்று எழுதினால் எவ்வளவு என்று ஓரத்தில் கேட்டிருப்பார்கள். 'கொடுமை' என்ற சொல்லை நான் கடைசியாக எழுதியது என் முன்னாள் கணவனைப் பற்றி என் அக்காவுக்கு அனுப்பிய மின்னஞ்சலில்தான்.

வாஷிங்டனில், நாடாளுமன்றத்துக்குப் பின்னால் உள்ள கட்டடம் எங்களுடையது. ஒரு மசோதாவைப் பற்றியோ மத்திய அரசின் ஒரு திட்டத்தைப் பற்றியோ உறுப்பினர் யாராவது கேட்டால், ஆராய்ந்து அறிக்கை எழுதித் தருவது எங்கள் பிழைப்பு. கேட்பவர் எந்தக் கட்சி என்று பார்க்கமாட்டோம். இதைச் செய்யுங்கள் என்றும் சொல்லமாட்டோம். செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும், அவ்வளவுதான். நல்ல விதி. ரோசலிண்ட் பெக் ஆகிய நான் அதை நம்பித்தான் அங்கே தலை நரைத்தேன். என் ஆத்திரமெல்லாம் அந்த விதியை வைத்துக்கொண்டு வெண்டல் ஹேவர்ஸ்டாக் செய்த காரியத்தின் மேல்.

வெண்டல் எங்கள் பிரிவின் மேலாய்வாளர். நாங்கள் எழுதுவதெல்லாம் அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். எப்போதும் நன்றாகச் சீவிய பென்சிலோடு வருவார், எதைப் படித்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"மறுபக்கம் எங்க, ரோஸ்?"

அந்தக் காரியம் நடந்த அறிக்கை மலை மாவட்டங்களின் வேன் திட்டத்தைப் பற்றியது. ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிறது, சொந்தமாக வண்டி இல்லை, பஸ்ஸும் கிடையாது என்கிற ஊர்களில், சிகிச்சைக்குப் போய்வர மத்திய அரசு காசு கொடுத்து வேன் ஓட்டுகிறது. அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நாடாளுமன்றக் குழு ஒன்று கேட்டிருந்தது. அந்த மாவட்டங்களில் எடுத்த கணக்கெடுப்புகளை எல்லாம் தேடிப் படித்தேன். வேனில் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வேறு வழி இல்லை. செலவு அதிகம் என்பவர்கள் இருந்தார்கள், அவர்களையும் சேர்த்தேன். வேனை மாநிலங்களே ஓட்டட்டும் என்பவர்களையும் சேர்த்தேன்.

வெண்டல் பதினோராம் பக்கத்தில் நின்றார்.

"வேற வழி இல்லைங்கறீங்க. இதுக்கு மறுபக்கம்?"

"இதுக்கு மறுபக்கம் கிடையாது, வெண்டல். திட்டத்தை எதிர்க்கிறவங்களே இதை மறுக்கல."

"எல்லாத்துக்கும் மறுபக்கம் உண்டு. இது மட்டும் தனியா நின்னா நாம பக்கம் சாஞ்ச மாதிரி தெரியும்."

"அப்போ பூமி உருண்டைன்னு எழுதினா?"

"அது நம்ம பிரிவு இல்லையே" என்றார், சிரிக்காமல்.

மறுநாள் வரைவு திரும்பி வந்தது. என் வாக்கியத்துக்குக் கீழே அவருடைய சின்னக் கையெழுத்தில் ஒரு புது வாக்கியம்: 'எனினும், பயனாளிகளில் பலர் குடும்பத்தினரின் அருகில், வீட்டிலிருந்தபடியே தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ள விரும்பக்கூடும் என்று சிலர் கருதுகின்றனர்.'

எவ்வளவு மரியாதையான வாக்கியம் பாருங்கள். அடித்து அனுப்பினேன், திரும்பி வந்தது. 'யார் இந்தச் சிலர்?' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். அந்தக் கேள்வியை ரப்பரால் துடைத்துவிட்டு வாக்கியத்தை விட்டுவைத்தார். அவர் அறைக்கே போய்ச் சத்தம் போட்டேன். "சமநிலை, ரோஸ், சமநிலை" என்று குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிற மாதிரி சொன்னார். கடைசியில் அவர் கையெழுத்தோடும் என் பெயரோடும் அறிக்கை போய்விட்டது.

குழு கூடியபோது நான் அறையில் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தேன். உறுப்பினர் கார்சன் விட்லோ எழுந்தார். கிழக்குக் கென்டக்கி மலைத் தொகுதிக்காரர், வேன் திட்டத்தை நிறுத்தும் பிரிவை மசோதாவில் சொருகியவர். எங்கள் அறிக்கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"இது எங்க கட்சி காகிதம் இல்ல. எந்தப் பக்கமும் சாயாத, நம்ம சொந்த ஆய்வு அலுவலகம் எழுதினது. பதினோராம் பக்கம் பாருங்க. இந்த ஜனங்க வீட்டுலயே இருக்க விரும்புறாங்க. நாமதான் அவங்கள வேன்ல ஏத்தி அலைக்கழிக்கிறோம்!"

'விரும்பக்கூடும்' எங்கே போயிற்று? 'சிலர் கருதுகின்றனர்' எங்கே போயிற்று? அதற்கு மேலே இருந்த என் வாக்கியம், அந்தப் பத்துக்கு ஒன்பது, அது எங்கே போயிற்று? டி.வி.யைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் வெண்டல் வந்தார். கையில் டோனட் பெட்டி.

"குழுவுல நம்ம அறிக்கைய மேற்கோள் காட்டியிருக்காங்க, ரோஸ்! பக்க எண்ணோட!"

எனக்கு அந்தப் பெட்டியை வாங்கி ஜன்னல் வழியாக வீசவேண்டும் போல இருந்தது. ஜன்னல் திறக்காது. பத்திரிகைக்கு மறுப்பு எழுதலாமா என்றால் அதுவும் கூடாது. நாங்கள் உறுப்பினர்களிடம் மட்டும்தான் வாய் திறக்கலாம். எங்கள் அறிக்கையை யார் எப்படித் திருகினாலும் பேசாமல் இருக்கவேண்டும். அந்தப் பேசாமையைத்தான் எல்லோரும் நடுநிலை என்று புகழ்கிறார்கள்.

விட்லோ சொருகிய பிரிவு குழுவில் தேறிவிட்டது. செப்டம்பர் முடிவில் அரசின் நிதி வருஷம் முடியும்போது வேன்களும் நின்றுவிடும். ஆகஸ்டு விடுமுறைக்குப் பிறகு சபையில் ஓட்டெடுப்பு.

ஒரு வாரம் கழித்து தொலைபேசி அடித்தது.

"அம்மா, ரோசலிண்ட் பெக்குங்கறது நீங்களா?" வயதான குரல். மலைக்காரர் பேச்சு, நடுவில் நடுவில் இருமல். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களின் இருமல் அது.

"நான்தான். நீங்க?"

"டெல்மர் கோம்ப்ஸ். விட்லோ வீட்டுக்கு வீடு ஒரு நோட்டீஸ் அனுப்பியிருக்காரு. அதுல உங்க புஸ்தகத்து அட்டையையும் பதினோராம் பக்கத்து வரியையும் போட்டோ புடிச்சுப் போட்டிருக்காரு. அடியில உங்க பேரும் நம்பரும் இருந்துச்சு. என் பொண்டாட்டி பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சுச் சொன்னா."

"மிஸ்டர் கோம்ப்ஸ், நான் பொதுமக்கள்கிட்ட அறிக்கை பத்தி…"

"மிஸ்டர் எல்லாம் வேணாம்மா. ஒரே ஒரு கேள்வி. அந்தச் சிலர் யாரு?"

அறிக்கையை எடுத்துப் பதினோராம் பக்கத்தைப் பிரித்தேன்.

"சண்டைக்குக் கேக்கல. அட்ரஸ் குடுத்தா ஒரு எட்டுப் போய்ப் பேசிட்டு வருவேன். என் பொண்டாட்டி வில்லா மேக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துல மூணு நாள் மலை தாண்டிப் போய் டயாலிசிஸ் பண்ணிக்கணும். எனக்குக் கண்ணு மங்கினதும் லைசென்ஸைப் புடுங்கிட்டானுங்க. வேன்தான் கதி. அவ வீட்டுல இருந்தபடியே கவனிச்சுக்க விரும்புறான்னு அந்தச் சிலர் சொல்றாங்களாமே. எப்படிம்மா கவனிச்சுக்கறது? ரத்தத்தைப் பீன்ஸ் சட்டியில ஊத்திக் கொதிக்கவச்சு வடிகட்டவா?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "டெல்மர், அந்த அம்மாவைத் திட்டாதே. அவங்களப் பாத்தா நல்லவங்களா இருக்காங்க."

"போன்ல எங்கடி பாத்தே?" என்றார் அவர்.

அந்த வாக்கியம் என்னுடையதில்லை என்று சொல்லலாம்தான். என் பெயர் அதன் மேல் இருக்கும்போது அதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? வேன் வேண்டும் அவளுக்கு. செப்டம்பருக்குப் பிறகு வேன் இல்லையென்றால் அவள் எத்தனை நாள் இருப்பாள் என்று சொல்ல டாக்டர் தேவையில்லை.

"டெல்மர், நல்லா கேளுங்க. உங்க கேள்விக்கு நான் உங்ககிட்ட பதில் சொல்லக்கூடாது, அது விதி. ஆனா ஒரு உறுப்பினரோட ஆபீஸ்லேந்து அதே கேள்வி வந்தா, நான் பதில் சொல்லியே ஆகணும். அதுவும் விதி. தொகுதி ஜனங்க கேக்கறதை அந்த ஆபீஸ்காரங்க எங்களுக்கு அனுப்பிவிடறது வழக்கம்தான்."

"எங்க உறுப்பினர் விட்லோதானே?"

"ஆமா."

முதலில் ஒரு சிரிப்பு, அது முடியும்போது பெரிய இருமலாக மாறியது.

"அடேங்கப்பா. வாஷிங்டன்ல உங்களுக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

விட்லோவின் தொகுதி அலுவலகத்துக்குத் தினமும் எத்தனையோ பேர் வருவார்கள். பென்ஷன் வரவில்லை, பாஸ்போர்ட் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திவிட்டான். அங்கே உட்கார்ந்திருப்பவர் கேட்டதைத் தட்டச்சு செய்து, எங்களுக்கு உரியதை எங்களுக்குத் தள்ளிவிடுவார். அப்படித்தான் அதுவும் வந்தது, ஒரு உரச்சட்டக் கேள்விக்கும் ஒரு மீன்பிடி உரிமக் கேள்விக்கும் நடுவில்: 'பக்கம் பதினொன்றில் குறிப்பிடப்படும் சிலர் யாவர் எனத் தொகுதிவாசி ஒருவர் அறிய விரும்புகிறார்.' மேலே உறுப்பினர் விட்லோவின் முத்திரை.

அதைக் கையில் பிடித்தபோது எனக்கு நடனமாடத் தோன்றியது. உட்கார்ந்து நேர்மையாகத் தேடினேன். குழு சாட்சியங்கள், பத்திரிகைகள், எதிர்ப்பாளர்களின் வெளியீடுகள், எல்லாவற்றிலும். அறிக்கை வெளிவருவதற்கு முன்னால் அப்படி ஒரு கருத்தை ஒரு மனிதரும் சொல்லியிருக்கவில்லை. அப்படியே எழுதி வெண்டலிடம் கொண்டுபோனேன். 'எவரும் இல்லை.'

வெண்டலின் காது சிவந்தது.

"இதை அனுப்ப முடியாது. ஆதாரமில்லாம எழுதினோம்னு ஆயிடும்."

"ஆதாரமில்லாமதானே எழுதினீங்க?"

"இருக்கக்கூடிய ஒரு கருத்தை எழுதினேன்." பென்சிலைக் கன்னத்தில் தட்டிக்கொண்டு யோசித்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. "ஏன் எவரும் இல்லை? இப்போதான் இருக்காரே! விட்லோ குழுவுல சொன்னாரே, அந்த ஜனங்க வீட்டுலயே இருக்க விரும்புறாங்கன்னு. அச்சான பதிவு, தேதி, பக்கம், எல்லாம் இருக்கு. அவரைப் போடுங்க."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"வெண்டல், அவர் நம்மைப் படிச்சுட்டுச் சொன்னார். நாம அவரைக் காட்டறோம். நடுவுல ஆள் யார்? நீங்க ஒருத்தர் காதுல ஊதினது, அவர் ஊரெல்லாம் கத்தினது, அதைக் கேட்டு நீங்க 'பாத்தியா, எல்லாரும் சொல்றாங்க'ன்னா என்ன அர்த்தம்? அங்க ஒரு பொம்பளைக்கு ரத்தம் சுத்தம் பண்ண வழியில்லாம போகப்போகுது. நீங்க அடிக்குறிப்புக்கு ஆள் தேடறீங்க! வெக்கமா இல்ல?"

"குரலைத் தணியுங்க. மேற்கோள் இருந்தா அது ஆதாரம். விதி அதுதான்."

கதவை அறைந்துவிட்டு வந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், அந்த மனிதர் என் கையில் எதைக் கொடுத்திருக்கிறார் என்பது உறைத்தது. சிரிப்பு வந்துவிட்டது. அவர் கேட்டபடியே ஒரு எழுத்து மாறாமல் எழுதினேன்: 'இக்கருத்தைக் கொண்டிருப்பவராக அறியப்படுபவர்: உறுப்பினர் கார்சன் விட்லோ. வேறெவரும் அறியப்படவில்லை.' கீழே குழு நாளும் பக்க எண்ணும். வெண்டல் படித்தார், அடிக்குறிப்பைச் சரிபார்த்தார், திருப்தியோடு கையெழுத்துப் போட்டார். அந்த வாக்கியத்தை ஒரு மனிதர் காதால் கேட்டால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது. பதில் விட்லோவின் தொகுதி அலுவலகத்துக்குப் போய், அங்கே யாரும் படிக்காமலேயே, அவர் முத்திரையோடு டெல்மருக்குத் தபாலில் போனது.

ஆகஸ்டில் விட்லோ தொகுதிக்குப் போனார். ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நாற்காலி போட்டுக் கூட்டம். நடந்ததை டெல்மர்தான் போனில் சொன்னார். அறிக்கை பற்றி நான் பேசக்கூடாது என்பதுதான் விதி. அவர் சொல்வதைக் காதில் வாங்கக்கூடாது என்று விதி இல்லை.

"என் முறை வந்துச்சும்மா. கண்ணு தெரியாது, அதனால மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருந்தேன். ஐயா, வேன்ல போறவங்க வீட்டுல இருக்கவே விரும்புறாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னதுன்னேன். நடுநிலையான ஆய்வு அலுவலகம் சொல்லுதுன்னாரு. நானும் அப்படித்தான் நினைச்சு அவங்களயே கேட்டேன், உங்க ஆபீஸ் மூலமாத்தான் கேட்டேன், அவங்க நீங்க சொன்னதா சொல்றாங்களேன்னேன். உங்களத் தவிர யாருமே இல்லையாமேன்னேன்."

"அப்புறம்?"

"பேப்பரைக் குடுன்னு வாங்கிப் பாத்தாரு. மேல அவர் முத்திரை. கூட்டம் சிரிச்சுச்சு பாருங்க, தீ எச்சரிக்கை மணி அடிச்சா கூடக் கேட்டிருக்காது. வில்லா மே எந்திரிச்சா. ஊசி போட்டுப் போட்டுத் தடிச்சுக் கெடக்குற கையைத் தூக்கிக் காட்டினா. 'கார்சன், உன் அம்மா கூட நான் சர்ச்சுல பாடினவ. நான் எதை விரும்புறேன்னு என்கிட்ட கேட்டிருக்கலாமே'ன்னா. அதுக்கப்புறம் ஒருத்தரும் சிரிக்கல."

உள்ளூர்ப் பத்திரிகைகள் எழுதின. விட்லோ பிரிவைத் திரும்பப் பெற்றார். முழுக்க இல்லை. வேன்களுக்கு ஒரு வருஷம் தவணை, அடுத்த வருஷம் மறுபடி விசாரணை. அதற்காக எங்கள் அறிக்கையைப் புதுப்பித்துத் தரும்படி குழு கேட்டது. வில்லா மேயின் அடுத்த வருஷம் இந்தக் காகிதத்தில்தான் இருந்தது.

பழைய வாக்கியத்தை எடுத்துவிட்டு எழுதினேன். வெண்டல் மறுப்புச் சொல்லவில்லை. ஊரே சிரித்த பிறகு அதை வைத்திருக்க அவருக்கும் விருப்பமில்லை. அப்பாடா என்று இருந்தேன். ஒரு நாள் காலை அவரே வரைவோடு என் அறைக்கு வந்து மேஜையில் வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒரு சின்னத் திருத்தம்தான்."

பதினோராம் பக்கம். 'பயனாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வேறு போக்குவரத்து வழி இல்லை' என்ற என் வாக்கியத்தின் கடைசியில் பென்சிலால் சேர்த்திருந்தார்: 'என்று சிலர் கருதுகின்றனர்.'

சத்தியமாகச் சொல்கிறேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"இது கணக்கெடுப்பு, வெண்டல். எண்ணிப் பாத்தது. கருதறதுக்கு இதுல என்ன இருக்கு?"

"விட்லோ விஷயத்துக்கப்புறம் இது சர்ச்சையான விஷயம் ஆயிடுச்சு, ரோஸ். சர்ச்சைன்னு வந்தா ரெண்டு பக்கமும் கருத்துதான்."

"சர்ச்சையை உண்டாக்கினதே நீங்க! இல்லாத ஆளை 'சிலர்'னு எழுதினீங்க. இப்போ இருக்கற ஆளை 'சிலர்' ஆக்கறீங்க. ரத்தமும் சதையுமா வேன்ல உக்காந்து போறவங்க உங்களுக்கு ஒரு கருத்தா?"

"நான் யார் பக்கமும் இல்ல…"

தொலைபேசி அடித்தது. ஆத்திரத்தில் எடுத்து "யாரு?" என்றேன்.

"கண்ணு, நான் வில்லா மே. டெல்மர் பக்கத்து நாற்காலியில தூங்கறான். ஆஸ்பத்திரியில ஊசி குத்தி உக்கார வச்சிருக்காங்க, இந்த மெஷின் பக்கத்துல நேரம் போகல. உனக்கு ஒரு நன்றி சொல்லலாம்னு. பிரிட்ஜு மேல ஒட்டி வச்சிருந்த உன் நம்பரை எழுதி எடுத்துட்டு வந்தேன்." அவள் பேச்சுக்குப் பின்னால் அந்த இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

நான் வெண்டலைப் பார்த்தேன். பென்சிலைப் பிடித்தபடி, நான் பேசி முடிக்கட்டும் என்று பொறுமையாக நின்றிருந்தார். எந்த விதியும் எனக்கு நினைவு வரவில்லை. வந்திருந்தாலும் மதித்திருக்கமாட்டேன்.

"வில்லா மே, இங்க ஒருத்தர் இருக்காரு. உங்களுக்கு வேன் தவிர வேற வழி இல்லைங்கறது ஒரு கருத்துன்னு சொல்றாரு. பதினோராம் பக்கத்துல எழுதினதும் இவர்தான். பேசறீங்களா?"

ரிசீவரை வெண்டலின் கையில் திணித்தேன். ஏதோ சூடான பாத்திரத்தை வாங்கிக்கொண்டவர் போல அதைப் பிடித்துக்கொண்டு காதில் வைத்தார். வில்லா மேயின் குரல் எனக்கும் கேட்டது. அவள் கோபப்படவே இல்லை. ஆர்வமாகத்தான் கேட்டாள்.

"அப்போ நீங்கதானா அந்தச் சிலர்?"

வெண்டல் மறுபக்கம் எங்கே என்று தேடுவது போல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார் கடைசியில்.

"நீங்க ஒருத்தர் மட்டுமா?"

வெண்டல் பென்சிலை மேஜையில் வைத்தார்.

"ஆமாம்மா. நான் மட்டும்தான்."

"சரிப்பா, இப்ப என்கிட்டயே கேளு. நான் எங்கயும் போகமாட்டேன், இன்னும் மூணு மணி நேரம் இங்கதான் உக்காந்திருக்கணும்" என்றாள் அவள்.

வெண்டல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ரப்பரை எடுத்து அந்தப் பக்கத்தின் மேல், அவர் கைக்கு எட்டும்படி வைத்தேன்.